செம்புக் குண்டுக்குப் புதுத் துப்பாக்கி தேவையா?

அமெரிக்காவின் மேற்குக் கரை மாநிலமான கலிபோர்னியாவில் விவசாயிகளுக்குக் காட்டுப் பன்றி தீராத தொல்லை. ஸ்பானியர்கள் 1700-களில் கொண்டுவந்து மேயவிட்ட வீட்டுப் பன்றிகளும், 1920-களில் மான்டெரே மாவட்டத்தில் வேட்டைக்கென்று விடப்பட்ட ஐரோப்பியக் காட்டுப் பன்றிகளும் ஒன்றாகக் கலந்து பெருகிவிட்டன. மாநிலத்தின் 58 மாவட்டங்களில் 56-ல் இன்று பன்றி உண்டு. மேய்ச்சல் நிலத்தில் ஒரு கூட்டம் புகுந்தால் போதும், விடிவதற்குள் ஏர் ஓட்டியது போல் கிளறிவிட்டுப் போய்விடும். ஆகவே அங்கே பல பண்ணை வீடுகளில் மண்வெட்டி, கடப்பாரையைப் போல ரைபிள் துப்பாக்கியும் ஒரு தளவாடம்.

அந்தத் துப்பாக்கியில் போடும் குண்டு இப்போது மாறிவிட்டது. 2013-ல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் 2019 ஜூலை 1 முதல் முழுமையாக அமலுக்கு வந்தது. அதன்படி கலிபோர்னியாவில் துப்பாக்கியால் எந்தக் காட்டு விலங்கையோ பறவையையோ சுட்டாலும் காரீயம் கலந்த குண்டைப் பயன்படுத்தக் கூடாது. ஐரோப்பாவில் டென்மார்க் இதற்கு முன்னோடி. அங்கே காரீயச் சிறு ரவைகள் 1996-லேயே நிறுத்தப்பட்டன. வேட்டை ரைபிளின் காரீயக் குண்டுகளுக்கு 2024 ஏப்ரல் முதல் தடை வந்தது. காரீயத்தின் இடத்தைப் பெரும்பாலும் செம்பு பிடித்திருக்கிறது.

குண்டு மாறியதும் துப்பாக்கி வியாபாரமும் சூடு பிடித்தது. ஒரு சாரார், செம்புக்கு வேகம் வேண்டும், ஆகவே பெரிய மாக்னம் துப்பாக்கியும் 26 அங்குலக் குழலும் வாங்கு என்கிறார்கள். இன்னொரு சாரார், கைக்கு அடக்கமாக 16 அங்குலக் குழல் போதும் என்கிறார்கள். சிறு பண்ணைக்காரனுக்கு இந்த இரண்டுமே வேண்டாத செலவு. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 308 அல்லது 30-06 அளவுத் துப்பாக்கி, 20 முதல் 22 அங்குலக் குழலுடன் இருந்தால், அதுவே போதும். அவன் மாற்ற வேண்டியது குண்டின் எடையைத்தான்.

காரீயத்தால் என்ன கெடுதல்?

பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வெள்ளீயம்; அது வேறு. இங்கே பேசப்படுவது காரீயம். அது நஞ்சு. எவ்வளவு குறைந்த அளவில் உடலில் சேர்ந்தாலும் கெடுதல் இல்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் தெரியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது முதலில் பாதிக்கிறது.

காரீயக் குண்டு விலங்கின் உடலில் பாயும்போது முழுதாக நிற்பதில்லை. எலும்பில் பட்டு நொறுங்கி, கண்ணுக்குத் தெரியாத தூளாகச் சதைக்குள் பரவுகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், குண்டு சென்ற வழியைச் சுற்றிலும் உப்பைத் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். 2008-ல் வடக்கு டக்கோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்கு இலவசமாக வழங்க வைத்திருந்த மான் இறைச்சிப் பொட்டலங்களை இப்படிச் சோதித்தபோது காரீயத் துணுக்குகள் காணப்பட்டன. காயம் பட்ட இடத்தை மட்டும் வெட்டி எறிந்தால் போதும் என்ற பழைய நம்பிக்கை அன்றோடு ஆட்டம் கண்டது.

வயலில் விட்டுவரும் குடலும் கழிவும் இன்னொரு கேடு. காண்டார் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகு கலிபோர்னியாவில் 1982-ல் வெறும் 22 மட்டுமே மிஞ்சியிருந்தது. எல்லாவற்றையும் 1987-க்குள் பிடித்து, கூண்டில் வைத்துப் பெருக்கி, 1992 முதல் மீண்டும் வெளியே விட்டார்கள். அப்படி விட்ட பறவைகளின் சாவுக்குத் தெரிந்த காரணங்களில் முதலிடம் காரீய நஞ்சுக்குத்தான். பண்ணைக்காரன் சுட்டுப்போட்ட அணிலும், பன்றியின் குடலும் அவற்றின் இரை.

இது தமிழ்நாட்டு விவசாயிக்குப் புரியாத கதை அல்ல. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகுகளை இந்தியா முழுவதும் கொன்று தீர்த்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகள் அந்த நாசத்தில் தப்பியவை. மருந்து போட்டவரும் சரி, குண்டு போட்டவரும் சரி, கழுகைக் கொல்ல நினைக்கவில்லை. கழுகு செத்தது என்னவோ உண்மை.

செம்பின் குணம்

செம்பு காரீயத்தைவிட லேசானது. ஒரு கன சென்டிமீட்டர் காரீயம் 11.3 கிராம்; அதே அளவு செம்பு 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. குழலின் துளை மாறாது. ஆகவே குண்டின் பருமனைக் கூட்ட வழியில்லை. அதே எடை வேண்டுமானால் செம்புக் குண்டு நீளமாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, செம்பு கெட்டியானது. காரீயம் எந்த வேகத்தில் பட்டாலும் நசுங்கும். செம்புக் குண்டின் மூக்கில் ஒரு குழி வைத்திருப்பார்கள். நல்ல வேகத்தில் பாய்ந்தால்தான் அந்தக் குழி பூவிதழ் போல விரிந்து, அகலமான காயத்தை உண்டாக்கும். வேகம் குறைந்தால் விரியாமல் ஊசிபோல் துளைத்துக்கொண்டு போய்விடும். அடிபட்ட பன்றி வேலியைத் தாண்டி ஓடிப் புதருக்குள் கிடந்து வதைபடும். பல குண்டுகளுக்கு இந்த வேகம் வினாடிக்கு 1,800 முதல் 2,000 அடி வரை. குண்டு விரிந்தாலும் பெரும்பாலும் உடையாமல் ஒரே துண்டாக இருப்பதால், இறைச்சி கெடுவதில்லை. அமெரிக்காவில் பார்ன்ஸ் நிறுவனம் 1989-ல் இத்தகைய முழுச் செம்புக் குண்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எனவே இது நேற்று முளைத்த சரக்கு அல்ல.

குழல் நீளத்தின் கணக்கு

குழல் நீளமாக இருந்தால் வெடிமருந்தின் வாயு குண்டை அதிக தூரம் தள்ளும், வேகம் கூடும். 308 அளவில் ஓர் அங்குலம் குறைந்தால் வினாடிக்கு ஏறத்தாழ 25 அடி வேகம் குறையும்.

150 கிரெயின் எடையுள்ள, அதாவது சுமார் 10 கிராம் செம்புக் குண்டு 24 அங்குலக் குழலிலிருந்து வினாடிக்குச் சுமார் 2,800 அடி வேகத்தில் புறப்படும். 16 அங்குலக் குழலானால் 2,600 அடி. காற்றில் செல்லும்போது ஒவ்வொரு 100 கஜத்துக்கும் சுமார் 200 அடி வேகம் குறையும். ஆகவே 8 அங்குலக் குழலை இழப்பது, குண்டு எட்டும் தூரத்தில் 100 கஜத்தை இழப்பதற்குச் சமம். நீண்ட குழலில் 400 கஜம் வரை விரியும் குண்டு, குட்டைக் குழலில் 300 கஜத்தோடு நின்றுவிடும்.

பண்ணைக்காரன் பன்றியைச் சுடுவது பெரும்பாலும் 150 கஜத்துக்குள். அந்தத் தூரத்தில் 20 அங்குலக் குழலிலிருந்து வந்த குண்டு வினாடிக்கு 2,400 அடி வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கும். தேவைக்கு மேல் 400 அடி கையிருப்பு! அப்படியிருக்க, 26 அங்குலக் குழலைத் தூக்கிக்கொண்டு ஜீப்பிலும் புதரிலும் இடித்துக்கொள்வானேன்? மாக்னம் துப்பாக்கியின் உதையில் தோள் கன்றிப்போனால், அடுத்த முறை சுடுவதற்கு முன்பே கண் மூடிக்கொள்ளும், குறியும் தவறும். இது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை.

16 அங்குலக் குழல் 150 கஜத்துக்கு உதவாது என்பதில்லை. ஆனால் அதன் வெடிச்சத்தமும் வாயில் எழும் தீச்சுவாலையும் அதிகம். டென்மார்க் போன்ற நாடுகளில் சத்தம் அடக்கும் குழாயை முனையில் மாட்டுகிறார்கள். அது தனியே நீளம் பிடிக்கும் என்பதால், அவர்கள் குட்டைக் குழலை விரும்புவதில் நியாயம் உண்டு. கலிபோர்னியாவில் தனியார் அந்தக் குழாயை வைத்திருக்க அனுமதி இல்லை. ஆகவே டேனிஷ் வேட்டைக்காரனைப் பார்த்துக் கலிபோர்னியாக்காரன் குழலைக் குறைப்பதில் லாபமில்லை.

முறுக்கையும் பார்க்க வேண்டும்

குழல் நீளத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். முறுக்கைக் கவனிப்பவர் குறைவு. குழலின் உட்புறம் திருகுபோல் வெட்டிய பள்ளங்கள் குண்டைச் சுழற்றிவிடுகின்றன. பம்பரம் சுற்றினால்தான் நிற்கும், குண்டும் அப்படியே. குண்டு நீளமாக ஆக, சுழற்சியும் வேகமாக வேண்டும். 308 துப்பாக்கிகளில் சில 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றும், சில 12 அங்குலத்துக்கு ஒரு சுற்றும் கொடுக்கும். 12 அங்குல முறுக்குள்ள பழைய துப்பாக்கியில் 180 கிரெயின் செம்புக் குண்டைப் போட்டால் குறி சிதறக்கூடும். ஆகவே முன்பு 180 கிரெயின் காரீயம் போட்டவர், 150 அல்லது 165 கிரெயின் செம்புக்கு இறங்குவது நல்லது. எடை குறைவதால் வேகமும் கூடும். வேகம் கூடுவதால் குண்டும் நன்றாக விரியும். இந்த ஒரு மாற்றத்தில் இரண்டு குறையும் தீர்ந்துவிடுகிறது.

பழைய 30-30 துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மட்டும் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அது இயல்பிலேயே வேகம் குறைந்தது. அதற்கென்றே குறைந்த வேகத்தில் விரியும்படி செய்த குண்டைத்தான் போட வேண்டும். தூரத்தையும் 100 கஜத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

செலவும் சிரமமும்

செம்புத் தோட்டா விலை கூடுதல் என்ற புகார் நியாயமானதே. அணில் சுடும் 22 அளவுச் சிறு துப்பாக்கிக்குக் காரீயம் இல்லாத தோட்டா எளிதில் கிடைப்பதில்லை என்பதும் உண்மை. சட்டம் போட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் பன்றி சுடும் பண்ணைக்காரனுக்கு வருடத்துக்கு ஒரு சில பெட்டித் தோட்டா போதும். புதுத் துப்பாக்கிக்குப் போகும் பணத்தில் ஒரு சிறு பகுதி, பல வருடத் தோட்டாச் செலவுக்குக் காணும்.

அந்தச் சிறு பகுதியைச் செலவிட வேண்டிய இடம் சோதனை. முதலில் குழலில் படிந்திருக்கும் பழைய உலோகக் கசடை மருந்து போட்டுச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். பிறகு இரண்டு மூன்று வகைச் செம்புத் தோட்டாக்களை வாங்கி, 100 கஜத்தில் காகிதக் குறி வைத்துச் சுட்டுப் பார்க்க வேண்டும். எந்தத் தோட்டா ஓட்டைகளை நெருக்கமாக விழச் செய்கிறதோ, அதுவே அந்தத் துப்பாக்கிக்குரியது. பக்கத்துப் பண்ணைத் துப்பாக்கிக்குப் பொருந்தியது இதற்கும் பொருந்தும் என்பதில்லை. செம்புக் குண்டு உடலைத் துளைத்து மறுபுறம் வெளியேறுவது அதிகம். எனவே பன்றிக்குப் பின்னால் மண்மேடு இருக்கும் இடத்தில்தான் சுட வேண்டும்.

நம் நாட்டில் 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், விவசாயி தானாகவே துப்பாக்கி எடுத்துப் பன்றியைச் சுட முடியாது. 2022-ல் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. இத்தகைய அனுமதி பற்றிப் பேசும்போது, யார் சுடுவது என்பதோடு, எந்தக் குண்டால் சுடுவது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். கழுகு வாழும் காட்டோரத்தில் அது சின்னக் கேள்வி அல்ல.

கிணற்றில் தண்ணீர் ஏறவில்லை என்றால், அனுபவமுள்ள விவசாயி முதலில் புட்வால்வைப் பார்ப்பான். உடனே மோட்டாரை மாற்ற ஓடமாட்டான். கலிபோர்னியா விவசாயிக்கும் அந்த நிதானமே வேண்டும். இருக்கும் குழலை அங்குலக் கோல் வைத்து அளந்து, முறுக்கை விசாரித்து, ஒரு படி லேசான செம்புக் குண்டை வாங்கிச் சுட்டுப் பார்க்கட்டும். வயலும் பிழைக்கும், பிள்ளைகளின் சோறும் சுத்தமாக இருக்கும், வானத்துக் கழுகும் பிழைக்கும். இத்தனைக்கும் பிறகு குறி சரியில்லை என்றால், புதுத் துப்பாக்கியைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.