தோற்றவர்கள் படிக்காதவர்கள் அல்ல

"அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடே பங்கு வர்த்தகத்தில் பணம் போவது உத்தி தெரியாததால்தான், முறையாகக் கற்றால் மாதச் சம்பளம்போல் லாபம் வரும்" என்கிறார்கள். இதை நான் அடியோடு மறுக்கிறேன்.

2024 ஜூலையில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வெளியிட்ட ஆய்வு சொல்வது இது: 2022-23இல் ரொக்கச் சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். ஆண்டுக்கு 500 முறைக்கு மேல் வர்த்தகம் செய்தவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு நஷ்டம். பழகப் பழகக் கை தேறும் தொழிலென்றால், கணக்கு தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

செலவைப் பாருங்கள். ஆர்டருக்கு 20 ரூபாய் தரகு என்றால், வாங்கி விற்க 40. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 47 ரூபாய் 20 காசு. நாளுக்கு ஐந்து சுற்று, மாதம் இருபது நாள் என்றால் 4,720 ரூபாய். பரிவர்த்தனை வரி தனி. ஜெயித்தாலும் தோற்றாலும் இது கையைவிட்டுப் போகும்.

சூரமங்கலத்தில், சேலம் ஜங்ஷன் பக்கத்து டீக்கடையில், காலை 9.15 மணிக்குக் கேண்டில் சார்ட்டில் கண் பதித்து நிற்கும் பையன்களைப் பார்க்கிறேன். கையிலிருக்கும் டீ ஆறி ஆடை கட்டியிருக்கும். அதே செபி ஆய்வின்படி, இன்ட்ராடே செய்வோரில் 30 வயதுக்கு உட்பட்டவர்கள் 2018-19இல் 18 சதவீதம். நான்கே ஆண்டில் 48. அந்த வயதினரில் 76 சதவீதம் பேருக்கு நஷ்டம்.

தம்பிகளே, கற்றுக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் பயிற்சிக் கட்டணம் கட்டுமுன், கற்றுத்தருபவரின் ஓராண்டு லாப நஷ்டக் கணக்கைக் கேளுங்கள். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். அதுதான் முதல் பாடம்.