ஒலிப்பதிவும் உயர்கல்வியும்

ஆடித்தபசு நாளில் சங்கரன்கோவில் ரதவீதிகளில் நாதசுரமும் தவிலும் மக்கள் ஆரவாரமும் கலந்தெழும். அங்கு நிற்பவர் செவி நாதசுரத்தை மட்டும் பிரித்தெடுத்துச் சுவைக்கும். ஒலிவாங்கிக்கு அத்திறம் இல்லை; வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அதனை எங்கே, எவ்வளவு தொலைவில் நிறுத்துவது என முடிவு செய்பவரே ஒலிப்பதிவாளர்.

இப்பணியை விரும்பும் மாணவர் எப்பட்டத்தைத் தேர்வது? இசையா, காட்சித் தொடர்பியலா, மின்னணுவியலா? “இது சோறு போடுமா?” என வீட்டினர் கேட்பர், அக்கேள்வியிலும் நியாயம் உண்டு. இயற்பியலைத் தேர்வதே அறிவுடைமை.

கல்மண்டபத்தில் பாடும் குரல் தூண்களில் மோதித் திரும்பி, அடுத்த சொல்லின்மேல் விழுகிறது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழக விரிவுரைக் கூடமொன்றில் இவ்வெதிரொலியால் பேச்சே விளங்கவில்லை. அதனைச் சீர்செய்ய அழைக்கப்பட்டவர் வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியர். அவர் இருக்கை மெத்தைகளைக் கொணர்ந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை இரவுதோறும் அளந்தார். ஒலிப்பதிவுக் கூடங்களின் சுவரமைப்புக்கு அவர் கண்ட கணக்கே அடிப்படை. குறுந்தகட்டில் ஒரு நொடி ஒலி 44,100 முறை அளக்கப்படுவதற்கும் காரணம் உண்டு: மனிதச்செவி உணரும் உச்ச அதிர்வெண் ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ், அதன் இருமடங்கிற்கு மேல் அளந்தால்தான் ஒலி சிதையாது.

மேற்குமலைக்கு அப்பால், கொல்லம் மாவட்டத்தின் விளக்குப்பாறையில் பிறந்தவர் ரசூல் பூக்குட்டி. காயங்குளத்தில் இயற்பியல் பயின்று, சட்டக்கல்வியிலும் சேர்ந்து, பின்னர் புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு கற்று 1995இல் வெளிவந்தார். 2009இல் ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார். அக்கல்லூரியின் ஒலிப்பிரிவில் சேர எத்துறைப் பட்டமும் போதும். ஆனால் மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படித்திருத்தல் வேண்டும். பாடப்பிரிவைத் தேரும்போதே பலர் அறியாமல் இவ்வாயிலை அடைத்துவிடுகின்றனர் என்பதே வருந்தத்தக்கது. சென்னைத் தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்திலும் ஒலிப்பதிவுப் பட்டப்படிப்பு உண்டு.

மென்பொருளை மட்டும் கற்பிக்கும் குறுகியகாலச் சான்றிதழுக்குப் பெருந்தொகை செலவிடுவோர் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். மென்பொருள் சில ஆண்டுகளில் மாறிவிடும். ஒலியின் இயல்பு மாறாது. ஒலிப்பதிவு கைகூடாவிடினும் இயற்பியல் பட்டம் ஆசிரியப் பணிக்கேனும் வழிகாட்டும். எனினும் சுருதி விலகலை உணரும் செவியை எப்பட்டமும் தருவதில்லை. அதற்கு நாள்தோறும் இசை கேட்டல் வேண்டும்.

விசைத்தறிகள் இரையும் தெருவில் ஒரு வில்லுப்பாட்டைச் செல்பேசியில் பதிவு செய்து பார்க்கலாம். எச்சுவரின் மறைவில் தறியோசை தணிகிறது, கூடத்தில் பாய்விரித்தபின் குடத்தின் ஒலி எவ்வாறு மாறுகிறது எனக் குறித்துவைக்கலாம். அதற்குக் கல்லூரி திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.