1943 என்று பொறித்த ரிவால்வர்

போர்க்கால ரிவால்வர் ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடவே ஒரு கதையும் வரும். சிங்கப்பூரில் வெள்ளைக்காரன் சரணடைந்தபோது கைப்பற்றியதாம். அப்படியே நேதாஜியின் படைக்குப் போய், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கிளம்பிய ஒருவரின் இடுப்பில் இருந்ததாம். கேட்கிற தமிழனுக்கு உடம்பு சிலிர்க்கும், விலையும் ஏறும். ஆனால் அது என்ஃபீல்டு இரண்டாம் எண் ரகமாக இருந்தால், வலப்பக்கம் சுத்தியலுக்குக் கீழே தயாரித்த ஆண்டு பொறித்திருக்கும். அங்கே 1943 என்றிருந்தால் கதை அதோடு சரி. சிங்கப்பூர் விழுந்தது 1942 பிப்ரவரி 15. அந்த ரிவால்வர் பிரிட்டனின் ரகசியப் படையான ஃபோர்ஸ் 136 விமானத்திலிருந்து காட்டுக்குள் போட்ட ஆயுதங்களோடு வந்திருக்கலாம், 1945 செப்டம்பரில் மோரிப் கடற்கரையில் இறங்கிய பட்டாளத்தோடும் வந்திருக்கலாம். எந்த இடத்தில் பார்க்க வேண்டும், பார்த்ததை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லித் தருவது பார்வை நூல்தான். சேகரிப்பவர் முதல் காசை அதற்குத்தான் செலவிட வேண்டும் என்பேன்.

ஜப்பான்காரன் துப்பாக்கி என்றால் நூல் இல்லாமல் ஓரடி நகர முடியாது. நம்பு 14ஆம் ஆண்டு ரகம் என்ற பெயரில் உள்ள 14, 1914 அல்ல. தாய்ஷோ ஆட்சியின் 14ஆம் ஆண்டு, அதாவது 1925. உடற்பகுதியில் 18.5 என்று கண்டால் அது ஷோவா 18ஆம் ஆண்டு, ஐந்தாம் மாதம். 1925ஐக் கூட்டினால் 1943 மே. விசைக்காப்பு வளையம் பெரிதாக இருந்தால், மஞ்சூரியக் குளிரில் கையுறை போட்ட விரலுக்காக 1939 வாக்கில் மாற்றியது. போர் முற்றியபோது கைப்பிடி மரத்தின் வரிப்பள்ளங்கள்கூட மழுங்கி, வெறும் வழவழப்பான மரமாகிவிட்டன. முந்தைய துப்பாக்கியில் பிந்தைய பிடியை மாட்டி விற்றால் நூல் படித்தவர் கண்ணுக்கு உடனே படும். ஹாரி டெர்பி 1981இல் எழுதிய நூல் இந்த வேறுபாடுகளைத்தான் பொறுமையாக அடுக்கிக் காட்டியது.

இதெல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே என்பார்கள். படம் கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் பாதிப் படங்கள் விற்பவர் எடுத்தவை; அவர் காட்ட விரும்பாத பக்கம் அதில் இராது. ஒரே ரகத்தில் பல துப்பாக்கிகளை வரிசை எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தவரின் உழைப்பு வேறு. நூலிலும் பிழை உண்டே என்றால், உண்டுதான். டெர்பியே பிற்பாடு ஜேம்ஸ் பிரவுனோடு சேர்ந்து திருத்தி விரித்து எழுதினார். அச்சில் நின்ற பிழையை எடுத்துக்காட்டித் திருத்த முடிகிறது. காப்பிக்கடைக் கதையை யார் திருத்துவது?

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், மலேசியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு ரோத்தான் அடி. பிறகு கோல சிலாங்கூர்க்காரருக்கு இந்த நூல்கள் எதற்கு? என் கணக்கு நேர்மாறானது. பொருளைத் தொட முடியாத ஊரில் நூல்தான் சேகரிப்பு. அந்த ஊர்க் குன்றான புக்கிட் மெலாவத்தியின் பீரங்கிகளை எவரும் வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது; ஆனாலும் மலாயாவில் கிடந்த டச்சுப் பீரங்கிகளைப் பற்றி கிப்சன்-ஹில் 1953இல் எழுதிய கட்டுரை இருந்தால், குழாயின் முதுகில் உள்ள முத்திரையை எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரைக்கு மேல் ஓர் எழுத்து இருந்தால் அது அதன் ஆறு கிளைகளில் எதன் உடைமை என்பதைக் குறிக்கும்.

வீட்டு ஆல்பங்களும் அப்படியே. ஜப்பான் காலத்துப் படத்தில் துப்பாக்கி தெரியாது, இடுப்பு உறைதான் தெரியும். சிப்பி போல் மூடிய உறை என்றால் நம்பு என்று ஊகிக்கலாம். தோல் தட்டுப்பாடான கடைசி ஆண்டுகளில் அதே உறையை ரப்பர் பூசிய கேன்வாஸில் தைத்தார்கள் என்பதும் நூலில் இருக்கிறது. அந்த ரப்பர் எந்தத் தோட்டத்துப் பால் என்று மட்டும் எழுதவில்லை.