உறுப்பினர் என்னும் பெயரும் ஒரு வீட்டின் கணக்கும்



கடந்த திங்கள் நம் அன்பர் ஒருவர் எமக்கு மடலொன்று விடுத்திருந்தார். தம் வீட்டுக்கு வேண்டும் மளிகைப் பொருள்களைக் கைப்பேசிச் செயலி வழியே வாங்கிவருவதாகவும், அக் கடையினர் மூன்று திங்களுக்கென ஒரு தொகை பெற்றுக்கொண்டு தம்மை 'உறுப்பினர்' ஆக்கிக்கொண்டதாகவும், அதனால் பொருளை வீட்டில் கொணர்ந்து தருங் கூலி தமக்கு அறவே இல்லையென்றும் எழுதி, "இச் சிக்கன வழியை நம் இதழ் அன்பர் எல்லார்க்கும் எடுத்துரைத்தல் ஆகாதா?" என வினவியிருந்தார்.

எடுத்துரைக்கின்றோம், ஆனால் அவர் விரும்பியவாறன்று!

முதற்கண் அப் பெயரை எடுத்துக்கொள்வோம். உறுப்பு என்பது உடலின் ஒரு கூறு. காலில் முள் தைத்தால் கண் கலங்கும். கை நொந்தால் உடல் முழுதும் அறியும். அவ்வாறே ஓர் அமைப்பின் ஆக்கத்திலும் கேட்டிலும் பங்குகொண்டு, அதன் போக்கை முடிவு செய்யும் உரிமையும் உடையவனையே உறுப்பினன் என்றனர். மளிகைக் கடைக்கு முன்பணங் கட்டியவர்க்கு அக் கடையில் என்ன உரிமை உண்டு? துவரம்பருப்பின் விலையை உயர்த்துமுன் அவரைக் கேட்பார்களா? ஆண்டிறுதியில் வந்த ஊதியத்தை அவரோடு பகிர்ந்துகொள்வார்களா? கணக்கையேனும் காட்டுவார்களா? இவையெல்லாம் வேண்டா; அக் கட்டணத்தையே உயர்த்தும்பொழுது அவர் கருத்தைக் கேட்டதுண்டா? இல்லை எனின் அவர் எவ்வாறு உறுப்பினர்? அவர் கட்டணங் கட்டிய கொள்வோர், அவ்வளவே. விற்பவன் நாளைக்குச் செய்யவிருக்கும் உதவிக்கு இன்றே விலை கொடுத்துவிட்டவர்.

பிரைம் என்கின்றனர், கோல்டு என்கின்றனர், பிளசு என்கின்றனர், பாசு என்கின்றனர். தமிழ்நாட்டுத் தெருவில், தமிழர் வீட்டுக்குப் புளியும் மிளகாயும் விற்பவர்க்குத் தம் சலுகைக்கு ஒரு தமிழ்ப்பெயர் கிடைத்திலது! அது கிடக்க.

உண்மையான உறுப்பாண்மை எத்தகையது என்பதை அறிய வேண்டுவோர் 1844ஆம் ஆண்டிற்குச் செல்க. இங்கிலாந்தின் உரோச்டேல் நகரில் நெசவாளரும் பிற கைத்தொழிலாளருமாக இருபத்தெண்மர் கூடினர். ஆளுக்கு ஒரு பவுன் எனப் பங்குத்தொகை வைத்தனர். அந்த ஒரு பவுனையும் ஒருங்கே கொடுக்க இயலாமல் வாரந்தோறும் சில செப்புக்காசுகளாகச் சேர்த்தவர்கள் அவர்கள். அவ்வாண்டு திசம்பர் 21ஆம் நாள் கடையைத் திறந்தபோது அதில் இருந்தவை வெண்ணெய், சருக்கரை, மாவு, மெழுகுதிரி போன்ற சிலவே. ஆயினும் அக் கடை அவர்களுடையது! ஆளுக்கு ஒரு வாக்கு. ஆண்டின் மிகுதியை, யார் எவ்வளவு வாங்கினரோ அவ்வளவிற்கேற்பத் திருப்பிக் கொடுத்தல். இவ்விரண்டு கால்களின்மேல் அது நின்றது. நம் சென்னைத் திருவல்லிக்கேணியிலும் 1904ஆம் ஆண்டிலேயே நகரக் கூட்டுறவுக் கழகம் தோன்றிற்று. அங்கும் பங்குத்தொகை கட்டியவர் அதன் உடைமையாளருள் ஒருவராகவே ஆனார். இன்றைய கூட்டுறவுக் கடைகள் பலவற்றின் நிலையை யாம் அறியாதோம் அல்லோம். ஆளில்லாத் தேர்தலும் தூசு படிந்த நிலைப்பேழையும் யாமும் கண்டவையே. எனினும் நோயுற்ற உடலும் உடல்தான். அதன் உறுப்பும் உறுப்புத்தான்.

இனி, கட்டணங் கொடுத்துப் பொருள் வாங்கும் முறையில் உலகிலேயே பெயர்பெற்ற கடை ஒன்றைப் பார்ப்போம். அமெரிக்கக் காசுட்கோ குழுமம் அது. அந் நாட்டில் வாழும் தமிழர் பலரும் அதனை அறிவர். அட்டை இல்லாதவர் அங்குப் பொருள் வாங்கல் அரிது. 2024 செப்தம்பர் முதல் அதன் பொதுவான ஆண்டுக் கட்டணம் 65 தாலர்; உயர்நிலைக் கட்டணம் 130 தாலர். உயர்நிலையினர்க்கு, வாங்கிய தொகையில் நூற்றுக்கு இரண்டு திருப்பித் தரப்படும். பிள்ளைகளும் போடத்தக்க கணக்கே இது. மிகையாகக் கட்டும் 65 தாலர் மீளவேண்டுமாயின் ஆண்டுக்கு 3,250 தாலருக்குப் பொருள் வாங்கவேண்டும். திங்களுக்கு ஏறத்தாழ 271 தாலர். கட்டணம் முழுவதும் இத் திருப்பத்தொகையாலேயே மீளவேண்டுமாயின் 6,500 தாலருக்கு வாங்கவேண்டும். பெருங்குடும்பத்திற்கு அஃது இயலும். தனியொருவன் அதற்காக வாங்கப் புகுந்தால் வீடே பண்டகசாலை ஆகிவிடும்!

அக் கடையின் கணக்கையும் காண்க. 2024ஆம் கணக்காண்டில் அதன் விற்பனை ஏறத்தாழ 24,960 கோடித் தாலர். கட்டணமாக மட்டும் வந்தது ஏறத்தாழ 483 கோடித் தாலர். விற்பனையோடு ஒப்பிட்டால் இது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ஆனால் அவ்வாண்டு அக் குழுமத்தின் கையில் நின்ற தூய ஊதியம் ஏறத்தாழ 737 கோடித் தாலர். அதில் மூன்றிலிரு பங்கிற்கு நிகரான தொகை கட்டணமாகவே வந்துவிட்டது! அரிசி விற்றும் எண்ணெய் விற்றும் வாணிகன் பிழைத்த காலம் போய், வாயிலில் நின்று நுழைவுக் கட்டணம் பெற்றுப் பிழைக்குங் காலம் வந்தது.

ஆயினும் ஒன்றை ஒளியாது சொல்லல் வேண்டும். அக் கடை பொருளின்மேல் வைக்கும் ஊதியத்திற்கு ஒரு வரம்பு வைத்துள்ளது. கட்டணம் வருவதனால்தான் அவ்வாறு குறைத்து விற்க இயல்கின்றது. நிறைவில்லையெனில் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்துள்ளது. ஆங்குக் கட்டணம் பொருளின் விலையைத் தொடுகின்றது. நம்மூர்ச் செயலிக் கடைகளின் கட்டணமோ பெரும்பாலும் விலையைத் தொடுவதில்லை; கொணர்கூலியை மட்டுமே தொடுகின்றது. இவ் வேறுபாட்டை அறியாமல் "அங்கும் கட்டணம், இங்கும் கட்டணம்" என்று பேசுதல் பேதைமை.

மடல் எழுதிய அன்பர் எம்மைக் கடிந்துகொள்ளுமுன் எம் வீட்டுக் கதையையும் கேட்கட்டும். இப் பூனை எம் அடுக்களையிலும் நுழைந்திருந்தது. எம் மகனும் மருமகளும் அலுவல் பார்ப்பவர்கள். மூன்று திங்களுக்கு 249 உருபா கட்டி ஒரு கடையில் 'உறுப்பினர்' ஆயினர். அதற்குமுன் திங்களுக்கு இருமுறை அச் செயலியில் வாங்குவர். முறைக்கு 25 உருபா கொணர்கூலி. கட்டணம் கட்டியபின் யாம் ஒரு குறிப்பேடு வைத்து எழுதலானோம். முதல் திங்கள் ஒன்பது முறை; அடுத்து பதினொன்று; அதற்கடுத்து பன்னிரண்டு. ஆக 32 முறை! 800 உருபா மிச்சப்படுத்திவிட்டீர்கள் என்று செயலி ஆங்கிலத்தில் பாராட்டிற்று. என்னே பாராட்டு! கட்டணம் கட்டாதிருந்தால் ஆறு முறையே வாங்கியிருப்பர். அதற்குக் கூலி 150 உருபா. 150 உருபாவை மிச்சப்படுத்த 249 உருபா கொடுத்தாயிற்று. இழப்பு 99.

அதனோடு நின்றதா? கொணர்கூலிதான் இல்லை, கையாளுகைக் கட்டணம் என்று முறைக்கு 5 உருபா இருந்தது. இருபத்தாறு முறை மிகையாக வாங்கியதற்கு அதில் 130 உருபா. இன்னும் உண்டு. 199 உருபாவிற்குக் குறைவாக வாங்கினால் சலுகை கிடையாது. எனவே 140 உருபாவிற்கு வேண்டியதை வாங்கிவிட்டு, எஞ்சியதை நிரப்ப வறுவற்பொட்டலமும் இன்னட்டும் வழலைக்கட்டியுமாகச் சேர்த்தல். அவ்வாறு சேர்த்தவை 1,180 உருபா. அவற்றுள் வழலையும் உப்பும் போன்ற பயன்பட்டவற்றை நீக்கினால், வேண்டாமல் வாங்கியவை 640 உருபா. ஆக இழப்பு 869 உருபா! பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் விலை வேறுபாட்டை யாம் இதில் சேர்க்கவில்லை. சில அங்கே மலிவு, சில தெருக்கடையில் மலிவு. "கட்டிவிட்டோமே, பயன்படுத்தாமல் விடலாமா?" என்னும் அந்த ஓர் எண்ணத்தின் விலையே இத் தொகை. கொணர்கூலி இல்லையென்பதால் மிதிவண்டியிலும் விசைவண்டியிலும் வெயிலில் ஓடிவரும் அவ் விளைஞனுக்கு வயிறு இல்லாமற் போய்விடவில்லை. அவன் கூலியும் எங்கோ ஒரு விலையில் ஏறியேதான் இருக்கும்.

வெற்றிப் பெருமிதத்தோடு குறிப்பேட்டை மருமகளாரிடம் நீட்டினோம். அவர் பொறுமையாகப் படித்தார். பின்னர்ச் சொன்னார்: "கணக்கு சரிதான் மாமா. ஆனால் வேலையிலிருந்து வந்து, பையை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போய், நின்று வாங்கிவருகிற ஒரு மணி நேரம் இதில் எந்தப் பத்தியில் இருக்கிறது?"

முப்பதாண்டு மேடையில் முழங்கிய வாய்க்கு அன்று சொல் எழவில்லை. எம் கணக்கில் உருபா இருந்தது. அவருடைய கால்வலி இல்லை. பெண்டிரின் உழைப்பை எண்ணிப் பாராத கணக்கு எவ்வளவு திருத்தமாக இருந்தாலும் பொய்க்கணக்கே. அச் செயலியார் விற்றது கொணர்கூலியை அன்று. எம் வீட்டு ஆடவர் அவர்க்குத் தாராத ஒரு மணி நேரத்தையே விற்றனர். அதற்கு அவர் 869 உருபா கொடுத்தார் எனின், அவ் வீண்செலவிற்குப் பொறுப்பாளர் யாமும் எம் மகனுமே.

இப்பொழுது ஞாயிறுதோறும் காலையில் துணிப்பையும் பட்டியலுமாக யாம் செல்கின்றோம். அண்ணாச்சி எடை போடும்போதே, "ஐயா, இந்த உழுந்து பழசு, அடுத்த வாரம் வாங்குங்க" என்கின்றார். பளு மிகுந்தால் கடைப்பையன் மிதிவண்டியில் கொண்டுவந்து தருகின்றான். அதற்கு உறுப்பாண்மை கேட்பதில்லை.

எல்லார்க்கும் இது பொருந்தும் என்று கூறோம். மூட்டுவலியால் மூன்றாம் மாடியினின்று இறங்கமாட்டாத எம் தமக்கையார் தனியே வாழ்கின்றார். இரு நாளைக்கொருமுறை பாலும் காய்கறியும் அவர்க்கு வந்தாகவேண்டும். பத்தாம் முறையிலேயே அவர் கட்டிய 249 உருபா மீண்டுவிடுகின்றது. அவரைப் பார்த்துச் செயலியை விடுக என்று சொல்லுதல் கொடுமை. கட்டணத்தை ஒருமுறைக் கூலியால் வகுத்துப் பார்க்க. கட்டணமே இல்லாதிருந்தாலும் அத்தனை முறை வாங்கியிருப்போமா என்று தம் நெஞ்சைக் கேட்க. கேள்வி இவ்வளவே. ஆனால் இதனைக் கட்டணம் கட்டுமுன் கேட்கவேண்டும். கட்டியபின் நெஞ்சு பொய் சொல்லும்.

நுழைதல் எளிது, வெளியேறல் அரிது என்பதையும் சொல்லியாகவேண்டும். மளிகையோடு பிற எல்லாமும் விற்கும் அமேசான் குழுமத்தின்மேல் அமெரிக்க நடுவணரசின் வணிக ஆணையம் 2023 சூனில் வழக்குத் தொடுத்தது. பிரைம் கட்டணத்திலிருந்து விலகுதற்கு நான்கு பக்கங்கள், ஆறு சொடுக்குகள், பதினைந்து தேர்வுகள் கடக்க வேண்டியிருந்தது என்பது குற்றச்சாட்டு. அவ் வழிக்கு அக் குழுமத்தினர் தமக்குள் வைத்திருந்த பெயர் 'இலியட்'! பத்தாண்டு நீண்ட திராய்ப் போரைப் பாடிய கிரேக்கப் பெருங்காப்பியத்தின் பெயர் அது. எவ்வளவு நேர்மையான பெயர்! 2025 செப்தம்பரில் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 250 கோடித் தாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டனர். அதில் 150 கோடி மக்களுக்குத் திருப்பித் தருதற்குரியது. இதே பிரைம் இந்தியாவில் 2016இல் தொடக்கச் சலுகையாக ஆண்டுக்கு 499 உருபாவிற்கு வந்தது. பின்னர் 999 ஆயிற்று. 2021 திசம்பரில் 1,499 ஆயிற்று. உறுப்பினர் எவரையும் கூட்டிக் கேட்டதாக யாம் அறியோம்.

இந்திய அரசும் 2023 நவம்பர் 30ஆம் நாள் பதின்மூன்று வகை ஏமாற்று உத்திகளை வரையறுத்துத் தடை செய்தது. விலகவொட்டாமற் கட்டிவைத்தலும், கேளாப் பொருளைக் கூடையில் நுழைத்தலும் அவற்றுள் அடங்கும். தானே புதுப்பித்துக்கொள்ளும் கட்டணமாயின், பணம் எடுக்குமுன் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன்னறிவிப்பு வரவேண்டும் என்பது 2021 அத்தோபர் முதல் நடைமுறையில் உள்ள இரிசர்வு வங்கி விதி. அவ் வறிவிப்பைப் படியாமல் துடைத்தெறிவோர் நம்முள் எத்தனையர்!

எம் மருமகளார் படித்தார், புதுப்பித்தலை நிறுத்தினார். நிறுத்துதற்குள், "உங்களை இழக்க வருந்துகின்றோம்" என்று அச் செயலி மூன்றுமுறை கண்ணீர் வடித்ததாம்.

மடல் விடுத்த அன்பர்க்கு எம் வேண்டுகோள் இது: அடுத்த மூன்று திங்கள் குறிப்பேடு ஒன்று வைத்து, எத்தனை முறை, என்ன கூலி, என்ன மிகைப்பொருள், வீட்டில் யார் யார் கடைக்குச் செல்ல இயலும் என நான்கு பத்தியிட்டு எழுதி எமக்கு விடுக்க. ஊதியமே கிடைத்திருப்பினும் மறையாது வெளியிடுவோம்.