சிவகிரிக் குடும்பப் பூசலும் கயத்தாற்றுத் தூக்கும்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையிலுள்ள சிவகிரி, 18ஆம் நூற்றாண்டில் படை வைத்துக்கொள்ளவும் வரி தண்டவும் உரிமை பெற்றிருந்த ஒரு பாளையக்காரரின் இருப்பிடம். அக்குடும்பத்தில் தந்தைக்கும் மகனுக்கும் மூண்ட பூசலில் மகனுக்கு ஆதரவாகப் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் படை அனுப்பியதும், கிஸ்தி எனப்பட்ட தவணை வரியை உரிய காலத்தில் செலுத்தாததும், 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் கிழக்கிந்தியக் கும்பினியின் மேஜர் பானர்மேன் நடத்திய விசாரணையில் குற்றங்களாக அடுக்கப்பட்டன. முந்தைய ஆண்டில் ராமநாதபுரம் கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் இறந்ததற்குக் கட்டபொம்மன் பொறுப்பல்லர் என்று கும்பினியின் விசாரணைக் குழுவே விடுவித்திருந்ததால், கொலைப் பழி நிற்காத இடத்தில் அயலார் வீட்டுத் தகராறு தூக்குக் கயிற்றின் ஒரு புரியாயிற்று எனலாம். போரிட்டு வென்றவரே குற்றம் சாட்டி, அவரே தீர்ப்பும் கூறி, ஏனைய பாளையக்காரர்களைப் பார்வையாளராக நிறுத்தி அன்றே கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதை விசாரணை என்று வரலாற்று நூல்கள் குறிப்பது தாராளம்தான். இன்று ராஜபாளையம் பகுதிக் கொலை வழக்குகளை விசாரிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட அமர்வு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தாலும், உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் அதை நிறைவேற்ற இயலாது. கயத்தாற்றிலோ மேல்முறையீடு என்ற பேச்சே எழவில்லை, 1801 நவம்பரில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டபோதும் நிலைமை மாறவில்லை.