ஐந்து வயதுக்குள் இருமல் சிரப் வேண்டாம்

ஐந்து வயது நிறையாத குழந்தைக்குச் சளி, இருமல் என்று சொல்லி இருமல் சிரப் கொடுக்க வேண்டாம். மருத்துவர் எழுத வேண்டாம், கடைக்காரர் விற்க வேண்டாம். குழந்தை மருத்துவர்களும் மருந்தாளுநர்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் பெற்றோர்களும் சேர்ந்த எங்கள் அமைப்பு பல கூட்டங்கள் பேசி எடுத்த முடிவு இது. 'பொதுவாக', 'கூடுமானவரை' என்ற சொற்களை இதில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அந்தச் சொற்களின் இடுக்கு வழியாகத்தான் இத்தனை பாட்டில்களும் வீட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன.

எங்கள் உறுப்பினரான மருந்தாளுநர் ஒருவர் முதல் கூட்டத்தில் எழுந்து சொன்னதை அப்படியே தருகிறோம். இரவு ஒன்பதரை மணி. கடையை மூடும் நேரம். தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு ஓர் அம்மா வருகிறார்.

"அண்ணா, பாப்பாவுக்கு நெஞ்செல்லாம் கரகரங்குது. ராத்திரி முழுக்கத் தூங்கவே மாட்டேங்குது. ஏதாச்சும் டானிக் குடுங்க."

"வயசு என்னம்மா?"

"ஒன்றரை."

பின்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். கை தானாக அலமாரிக்குப் போகிறது. "பத்து வருசமா நானும் எடுத்துக் குடுத்திருக்கேன்" என்றார் அவர். அதற்குமேல் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். மேடையில் இருந்த மருத்துவர்கள் பலருக்கும் தலை குனிந்தது. அவர் எடுத்துக் கொடுத்ததை அவர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்தவர்கள்.

அந்த அம்மா கேட்டதில் தவறு எதுவும் இல்லை. இருமும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருப்பவருக்கு, ஏதாவது செய்தாக வேண்டும் என்றுதான் தோன்றும். அந்தத் தவிப்புக்குப் பதில் சொல்லும் பொறுப்பு எங்களுடையது. பதில் சொல்ல நேரமில்லாமல் பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தோம்.

சிரப் என்ன செய்கிறது என்பதைத் திறந்து சொல்லிவிடுகிறோம். சின்னக் குழந்தைகளுக்கு வரும் சளியும் இருமலும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. வருடத்துக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது அந்த வயதுக்கு இயல்பு. பால்வாடிக்கு அனுப்பத் தொடங்கிய வருடம் என்றால் இன்னும் கூடலாம். இருமல் இரண்டு வாரம் இருப்பது சாதாரணம், மூன்று வாரம் வரை நீள்வதும் உண்டு. எந்தச் சிரப்பும் இந்த நாட்களைக் குறைப்பதாக நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் "அந்த மருந்து நல்லா கேக்குது" என்று தாய்மார்கள் சொல்கிறார்களே என்றால், அதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கலவைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கிறது. அது தூக்கத்தை வரவழைக்கும். குழந்தை அயர்ந்து தூங்கிவிடுகிறது, வீடு அமைதியாகிறது, சளி குறைந்துவிட்டதாக எல்லோரும் நம்புகிறோம். சளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை வெளியே தள்ளும் இருமல்தான் மட்டுப்பட்டிருக்கிறது.

மருந்து தரமானதாக இருந்தாலும் ஆபத்து உண்டு. 2021இல் டெல்லியில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் என்ற இருமல் மருந்து கொடுக்கப்பட்ட குழந்தைகள் நஞ்சேறி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் மூன்று குழந்தைகள் இறந்தார்கள். குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, லேபிளிலும் அப்படி அச்சிட வேண்டும் என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி 2023 டிசம்பரில் உத்தரவிட்டார். அந்த உத்தரவு எத்தனை கடைகளின் அலமாரி வரை போய்ச் சேர்ந்தது என்பதை எங்கள் உறுப்பினர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். சேரவில்லை.

அதன் பிறகுதான் 2025 செப்டம்பர் வந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சாதாரணக் காய்ச்சல், சளி என்று மருந்து குடித்த குழந்தைகளுக்கு ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீர் நின்றது. இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அவர்கள் குடித்த 'கோல்ட்ரிஃப்' சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வகம் அந்த எஸ்.ஆர்.-13 பேட்ச் சிரப்பில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருப்பதாகக் கண்டறிந்தது. மருந்தில் அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவீதம். பாட்டிலில் ஏறக்குறைய பாதி விஷம்.

டைஎத்திலீன் கிளைகால் வாகன பிரேக் ஆயிலிலும் தொழிற்சாலைகளிலும் பயன்படும் திரவம். நிறம் கிடையாது, இனிக்கும். பாராசிட்டமால் போன்றவை தண்ணீரில் எளிதில் கரையாது என்பதால் சிரப் செய்ய புரொப்பிலீன் கிளைகால் போன்ற கரைப்பான் தேவைப்படுகிறது. மருந்துத் தரத்துக்கு வாங்க வேண்டிய அந்தக் கரைப்பானை விலை குறைவு என்று தொழிற்சாலைத் தரத்தில் வாங்கும்போது, அதோடு இந்த விஷமும் உள்ளே வந்துவிடுகிறது. பீப்பாயைத் திறந்ததும் ஒரு சோதனை செய்தால் பிடித்துவிடலாம். சோதிக்காமல் விட்டால் அது உடம்புக்குள் போய் வேறொரு அமிலமாக மாறிச் சிறுநீரகத்தைச் சிதைக்கிறது. முதலில் வாந்தி, வயிற்று வலி. பிறகு டயப்பர் நனைவதே இல்லை.

இது தெரியாமல் நடந்ததும் இல்லை. 1937இல் அமெரிக்காவில் இதே திரவத்தில் கரைத்த ஒரு மருந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அடுத்த ஆண்டே அங்கே மருந்துச் சட்டம் மாறியது. 1972இல் நம் சென்னையிலேயே 14 குழந்தைகள் இதே விஷத்துக்குப் பலியானார்கள். 1998இல் குருகிராம், 2019-20இல் ஜம்முவின் ராம்நகர், 2022இல் இந்தியாவிலிருந்து போன சிரப்பைக் குடித்து ஆப்பிரிக்காவின் காம்பியாவில் ஏறக்குறைய 70 குழந்தைகள். ஐம்பது ஆண்டுகளாக ஒரே பெயரைச் சாவுச் சான்றிதழில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சிந்த்வாரா வழக்கில் மருந்து எழுதிய மருத்துவரும் கைது செய்யப்பட்டார். இதைப் பற்றி எங்களுக்குள்ளேயே காரசாரமாக விவாதம் நடந்தது. பாட்டிலுக்குள் விஷம் இருப்பதை எந்த மருத்துவராலும் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்குத் தயாரிப்பாளரும் கண்காணிக்க வேண்டியவர்களும்தான் பொறுப்பு என்றார்கள் சிலர். அது சரி. ஆனால் எங்கள் மூத்த மருத்துவர் ஒருவர் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. "விஷம் இல்லைன்னே வச்சுக்குவோம். அந்த மருந்து அந்தக் குழந்தைக்குத் தேவையா இருந்துச்சா?" எங்கள் நிலைப்பாடு இந்தக் கேள்வியில்தான் தொடங்கியது. தேவையில்லாத மருந்தை நிறுத்திவிட்டால், அதில் கலப்படம் நடந்தாலும் குழந்தை தப்பிக்கும்.

சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் 2025 அக்டோபரில் வெளியிட்ட அறிவுரையும் இதே திசையில்தான் இருக்கிறது: இரண்டு வயதுக்குள் இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குள் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அந்தப் 'பொதுவாக'வை எடுத்துவிட்டுத்தான் நாங்கள் எங்கள் வாசகத்தை எழுதினோம்.

சரி, சிரப் வேண்டாம் என்றால் இரவு ஒன்பதரை மணிக்கு அந்த அம்மாவிடம் என்ன சொல்வது? மூச்சை எண்ணச் சொல்கிறோம். எங்கள் அறிக்கையிலேயே பெரிய விஷயமாக நாங்கள் கருதுவது இதைத்தான். குழந்தை அழாமல், பால் குடிக்காமல் அமைதியாக இருக்கும்போது சட்டையை மார்புக்கு மேலே தூக்கிவிடுங்கள். போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். வயிறு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. முழு நிமிடமும் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது, கைக்குழந்தையின் மூச்சு நின்று நின்று வரும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாமல் போனாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், எழுப்பினாலும் எழாமல் சோர்ந்து கிடந்தாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், 108ஐ அழையுங்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மூச்சு சரியாக இருந்தாலும் அன்றே காட்டிவிட வேண்டும். எங்கள் செவிலியர்கள் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எண்ண ஆரம்பித்ததும் வீட்டில் பதற்றம் குறைகிறது என்பது அவர்கள் அனுபவம்.

மூக்கடைப்புக்கு உப்புநீர் சொட்டு போதும். தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்கலாம். ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமி பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றி எங்களுக்குள் ஒருமித்த கருத்து வரவில்லை. கற்பூரவல்லிச் சாறு, துளசி, சுக்கு என்று தலைமுறையாகக் கொடுத்து வருவதை ஒரே வரியில் தள்ளுவது சரியல்ல என்று பெற்றோர் உறுப்பினர்கள் வாதாடினார்கள். ஒரு வயதுக்கு மேல் சிறிதளவு கொடுப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. மூன்று விஷயங்களில் மட்டும் அவர்களும் எங்களோடு சேர்ந்து கையெழுத்திட்டார்கள். மூக்கில் எண்ணெய் விடக் கூடாது, அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா ஆகும். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சிக் குழந்தைக்குத் தேய்க்கவோ உள்ளே கொடுக்கவோ கூடாது, வலிப்பு வரும். தலைக்கு ஊற்றிய பிறகு சாம்பிராணிப் புகையில் குழந்தையைக் காட்டக் கூடாது. மூன்றாவதைச் சொன்னபோது பாட்டி ஒருவர் ரொம்ப வருத்தப்பட்டார். அவர் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது.

இழுப்பு இருக்கும் குழந்தைகளின் கதை வேறு. அடிக்கடி வீசிங் வரும் குழந்தைக்குத் தேவை இன்ஹேலர். "பழகிப் போயிடும்" என்று அதைப் பயந்து ஒதுக்கும் பெற்றோர், பெயரும் தெரியாத கலவைச் சிரப்பை மாதக்கணக்கில் தருகிறார்கள். இன்ஹேலர் மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது, அளவும் மிகக் குறைவு. இதை ஒருமுறை சொன்னால் போதாது, ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், எடை பார்த்து. கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். இங்கே ஒரு குழப்பம் குழந்தைகளை ஆபத்தில் தள்ளுகிறது. சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும், சாதாரணச் சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 மில்லிகிராம். சின்னப் பாட்டில்தான் நான்கு மடங்கு வீரியமானது. சிரப் கொடுத்துப் பழகிய வீட்டில் மூடியால் அளந்து சொட்டு மருந்தை ஐந்து மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போகும். பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 150. சளிக் கலவையிலும் பாராசிட்டமால் இருப்பது தெரியாமல் அதைக் கொடுத்துவிட்டுத் தனியாகவும் காய்ச்சல் மருந்து கொடுப்பவர்கள் உண்டு.

எங்கள் அமைப்பின் மருத்துவர்கள் இனிச் சீட்டில் 'மருந்து தேவையில்லை' என்று எழுதி, அதற்குக் கீழே மூச்சு எண்ணிக்கையையும் மீண்டும் வர வேண்டிய அறிகுறிகளையும் எழுதித் தருவார்கள். "என்ன டாக்டர், ஒண்ணுமே எழுதலையா?" என்று கேட்பவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். அதற்கு ஐந்து நிமிடம் பிடிக்கும், அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம். எங்கள் மருந்தாளுநர்கள் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு என்று தெரிந்தால் இருமல் சிரப் விற்க மாட்டார்கள். குழந்தைகளுக்கான எந்தத் திரவ மருந்தை விற்றாலும் பில்லில் பேட்ச் எண் எழுதுவார்கள்.

அரசிடம் நாங்கள் கேட்பவை மூன்று. கரைப்பான் வரும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் சோதனை நடந்ததா என்பதைத் தொழிற்சாலையில் திடீரென்று போய்ப் பார்க்க வேண்டும். அதற்குக் காலியாக இருக்கும் ஆய்வாளர் இடங்களை நிரப்ப வேண்டும். தரமற்றது என்று அறிவித்த மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் கடைசிக் கிராமத்துக் கடைக்கும் அன்றைக்கே தமிழில் போய்ச் சேர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கான கொள்முதலில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கான இருமல் சிரப்பை நிறுத்த வேண்டும்.

உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் அண்ணனுக்கு வாங்கி மீந்த பாட்டில் ஒன்று தங்கைக்காகக் காத்திருக்கலாம். மூடி பிசுபிசுத்து, லேபிள் பாதி அழிந்திருக்கும். அதைக் கழுவும் தொட்டியில் கொட்ட வேண்டாம். எங்கள் உறுப்பினர்களின் கடைகளில் வாசலுக்கு வலப்பக்கம் ஒரு மஞ்சள் பெட்டி வைத்திருக்கிறோம், அதில் போடுங்கள்.