ஹால் டி.வி-யில் கம்ப்யூட்டர்... புதுசு வாங்கும் முன் இதைப் படிங்க!

ப்ளஸ் டூ மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, அப்பாவுக்கு ஆபீஸ் எக்ஸெல் ஷீட், பாட்டிக்குப் பேரனின் கல்யாண ஆல்பம். எல்லாவற்றுக்கும் 15 இன்ச் லேப்டாப் திரைதான் என்று பல வீடுகளில் முட்டி மோதிக்கொண்டிருக்கிறார்கள். அதே ஹாலில் பெரிய டி.வி சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். `ஸ்மார்ட் டி.வி வாங்கினால்தான் முடியும்' என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு, தவணையில் புது டி.வி வாங்கிவிட வேண்டாம். டி.வி-யின் பின்பக்கம் ஹெச்.டி.எம்.ஐ போர்ட் இருந்தால், அது ஸ்மார்ட் டி.வி-யாக இல்லாவிட்டாலும் ஒரு கேபிளே போதும்.

முதலில் பின்பக்கம் பாருங்க!

ஹெச்.டி.எம்.ஐ முறை 2002-ம் ஆண்டு டிசம்பரில் அறிமுகமானது. படம், சத்தம் இரண்டும் ஒரே கேபிளில் செல்வதுதான் இதன் வசதி. கம்ப்யூட்டரிலும் டி.வி-யிலும் இந்த போர்ட் இருந்தால் வேலை சுலபம்.

பழைய கம்ப்யூட்டரில் நீல நிற வி.ஜி.ஏ போர்ட் மட்டும் இருக்கலாம். இதில் படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது. இதற்கு `வி.ஜி.ஏ டு ஹெச்.டி.எம்.ஐ' கன்வெர்ட்டர் தேவை. கடையில் கேட்கும்போது `டு' என்ற வார்த்தைக்கு முன்னால் கம்ப்யூட்டர் பக்கம், பின்னால் டி.வி பக்கம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் `ஹெச்.டி.எம்.ஐ டு வி.ஜி.ஏ'-வை மாற்றி வாங்கினால் எந்தப் படமும் வராது. யு.எஸ்.பி மின் இணைப்பும் ஆடியோ வயரும் சேர்ந்தே வருகிற மாடலாக வாங்குவது நல்லது.

புது லேப்டாப்களில் டைப்-சி போர்ட் மட்டும் இருந்தால், அது படத்தை அனுப்பக்கூடியதா என்று லேப்டாப் மாடலை வைத்துப் பார்த்த பிறகே அடாப்டர் வாங்குங்கள். சில டைப்-சி போர்ட்கள் சார்ஜுக்கும் ஃபைல் மாற்றவும் மட்டும்தான்.

தனியாக கிராஃபிக்ஸ் கார்டு போட்ட டெஸ்க்டாப்பில், அந்த கார்டில் உள்ள போர்ட்டில்தான் கேபிளைச் செருக வேண்டும். மதர்போர்டு போர்ட்டில் செருகிவிட்டு, `டி.வி ரிப்பேர்' என்று முடிவுகட்டுகிறவர்கள் அதிகம்.

எர்த் இருக்கிறதா?

பலரும் கவனிக்காமல் விடுவது இதுதான். டெஸ்க்டாப்பின் மூன்று பின் ப்ளக்கை, எர்த் இல்லாத பாயின்ட்டிலோ இரண்டு பின் அடாப்டரிலோ செருகியிருந்தால், கேபினட்டின் உலோகப் பகுதியில் லேசான மின்சாரம் இருக்கும். எப்போதாவது கை பட்டு `சுரீர்' என்றதா? காரணம் இதுவாக இருக்கலாம். அந்த நிலையில் டி.வி-யோடு இணைத்தால், அந்த மின்சாரம் கேபிள் வழியே பாய்ந்து ஹெச்.டி.எம்.ஐ சிப் போய்விட வாய்ப்பு உண்டு. சிப் போனால் போர்டு வரை செலவு இழுக்கும். எனவே, எலெக்ட்ரீஷியனை வைத்து எர்த்தை முதலில் சரிபார்த்துவிடுங்கள்.

இணைக்கும்போது டி.வி, கம்ப்யூட்டர் இரண்டின் ப்ளக்கையும் கழற்றுங்கள். செட் டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளையும் கழற்றிவிட்டு, ஹெச்.டி.எம்.ஐ கேபிளைச் செருகிய பிறகு மின் இணைப்பு கொடுங்கள்.

திரையில் எதுவும் வரலையா?

டி.வி ரிமோட்டில் `சோர்ஸ்' அல்லது `இன்புட்' பட்டனை அழுத்தி, கேபிள் செருகிய போர்ட்டின் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். பிறகு, கம்ப்யூட்டரில் விண்டோஸ் பட்டனுடன் `பி' எழுத்தை அழுத்தினால் நான்கு வழிகள் வரும். லேப்டாப்பில் தெரிவதே டி.வி-யிலும் தெரிய `டூப்ளிகேட்', இரண்டிலும் வேறு வேறு வேலை செய்ய `எக்ஸ்டெண்ட்', டி.வி மட்டும் போதுமென்றால் `செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி'.

சத்தம் மட்டும் வரலையா?

படம் டி.வி-யிலும் சத்தம் லேப்டாப்பிலும் வந்தால் பயப்பட வேண்டாம். திரையின் கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை க்ளிக் செய்து, அங்கே டி.வி-யின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

ஓரங்கள் வெட்டுப்படுகிறதா?

டாஸ்க் பார் பாதி மறைகிறது என்றால், அதற்குக் காரணம் பழைய பிக்சர் ட்யூப் காலத்துப் பழக்கம். அந்த டி.வி-க்களில் படத்தின் ஓரம் சீராக வராது என்பதால், படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தை மறைத்தார்கள். இன்றைய டி.வி-க்கள் சிலவும் அதையே செய்கின்றன. பிக்சர் சைஸ் மெனுவில் `ஜஸ்ட் ஸ்கேன்', `ஃபிட் டு ஸ்க்ரீன்' போன்ற ஒரு வசதி இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் முழுத்திரையும் தெரியும்.

எழுத்து மங்கலாக இருக்கிறதா?

டிஸ்ப்ளே செட்டிங்கில் ரெசல்யூஷனைப் பாருங்கள். ஃபுல் ஹெச்.டி டி.வி என்றால் 1920 x 1080. `ஹெச்.டி ரெடி' என்று விற்கப்படும் 32 இன்ச் டி.வி-க்கள் பலவற்றின் திரை 1366 x 768 மட்டுமே. அதில் சின்ன எழுத்து ஓரளவுக்கு மேல் தெளிவாகாது. அங்கே `ஸ்கேல்' அளவை 125 அல்லது 150 சதவிகிதமாகக் கூட்டினால், சோபாவில் உட்கார்ந்தே படிக்கலாம். டி.வி-யில் அந்த இன்புட்டின் பெயரை `பி.சி' என்று மாற்றினால், சில மாடல்களில் எழுத்து இன்னும் துல்லியமாகும்.

தங்க முலாம் கேபிள் வேண்டுமா?

வேண்டியதில்லை. இது டிஜிட்டல் சிக்னல். சரியாகப் போய்ச் சேர்ந்தால் சாதாரண கேபிளிலும் அதே படம்தான். ஃபுல் ஹெச்.டி-க்கு `ஹை ஸ்பீட்' என்று அச்சிட்ட கேபிள் போதும். 4கே டி.வி-யில் நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் `ப்ரீமியம் ஹை ஸ்பீட்' வாங்குங்கள். தேவைக்கு மேல் நீளமாக வாங்காதீர்கள். இழுத்துக் கட்டினாலும் போர்ட் தளர்ந்துவிடும். கொஞ்சம் தொய்வு இருக்கட்டும்.

ஹாலில் எல்லோரும் பார்க்கிறார்கள்!

உறவினர்கள் கூடி கல்யாண ஆல்பம் பார்க்கும்போது, மூலையில் பேங்க் மெயிலோ வாட்ஸ்அப் மெசேஜோ எட்டிப் பார்த்தால் என்ன ஆகும்? சம்பளம், கடன் பாக்கி, மருத்துவ ரிப்போர்ட் எல்லாம் 43 இன்ச்சில் தெரியும். `டு நாட் டிஸ்டர்ப்' வசதியை ஆன் செய்துவிட்டு இணைப்பது நல்லது. `எக்ஸ்டெண்ட்' முறையில் ஆல்பத்தை மட்டும் டி.வி பக்கம் நகர்த்திவிட்டு, மற்றவற்றை லேப்டாப்பிலேயே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. மகளின் வகுப்புக்கும் இதே வழிதான்: டீச்சரின் போர்டு டி.வி-யில், நோட்ஸ் லேப்டாப்பில்.

ஒரு கேபிள் செலவில் இவ்வளவும் முடியும் என்றால், புது டி.வி-க்கான தவணைப் பணத்தை மகளின் காலேஜ் ஃபீஸுக்கு எடுத்துவைக்கலாமே!